ஓவர் டிராஃப்டை அடைக்க மணி டிரான்ஸ்ஃபர் கார்டு: பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் கிடைக்கும் கிரெடிட் கார்டுகளில் அதிகம் பேசப்படாத வகை மணி டிரான்ஸ்ஃபர் கார்டு. ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த கடன் வரம்பிலிருந்து ஒரு தொகையை எடுத்து உங்கள் கரண்ட் அக்கவுண்டில் நேரே போடும். அதற்கு ஒரே ஒரு முறை கட்டணம் பிடிக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் வரை. அதன்பின் குறித்த மாதங்களுக்கு வட்டி கிடையாது. ஓவர் டிராஃப்ட் என்பது கணக்கில் இருப்பதற்கு மேல், ஒரு வரம்பு வரை, வங்கி எடுக்க விடும் கடன். அதனால் கணக்கு மைனஸில் கிடந்தால், பணம் விழுந்த கணமே ஓவர் டிராஃப்ட் அடைபட்டுவிடும். கடன் அப்படியேதான் இருக்கிறது. இருக்கும் இடமும் வட்டியும் மாறுகின்றன.

சம்பளம் வந்த மறுநாளும் மைனஸிலேயே நிற்கும் கணக்குக்கு இது நல்ல ஏற்பாடு. மாதக் கடைசி வாரத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி ஏறும் கணக்குக்கு இது தேவையே இல்லை. எந்தக் கணக்கானாலும், கார்டு வாங்கிய கையோடு ஓவர் டிராஃப்ட் வரம்பைக் குறைக்காவிட்டால் ஓராண்டு கழித்து இரண்டு கடன்கள் இருக்கும்.

ஓவர் டிராஃப்ட் இவ்வளவு விலை ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 ஏப்ரல் 6 முதல் நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏவின் புதிய விதிகள் முழுமையாக நடப்புக்கு வந்தன. நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வங்கிகள் பிடித்துவந்த தட்டையான கட்டணங்கள் ஒழிந்தன. ஒரே ஆண்டு வட்டி விகிதம்தான் சொல்ல வேண்டும். அனுமதி பெறாத ஓவர் டிராஃப்டுக்கு அனுமதி பெற்றதைவிட அதிகம் வாங்கக் கூடாது. ஏழைகளைத்தான் அந்தப் பழைய கட்டணங்கள் அதிகம் அடித்தன: 2016இல் அனுமதியற்ற ஓவர் டிராஃப்ட் கட்டணத்தில் பாதிக்கு மேல் வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்ததாக ஆணையமே கணக்குக் காட்டியது. ஆகவே சட்டம் சரியானதே. ஆனால் வங்கிகள் அந்த இழப்பை எல்லார் வட்டியிலும் ஏற்றின. எச்எஸ்பிசி, நேஷன்வைடு, சான்டாண்டர் மூன்றும் 39.9 சதவீதம் என்று அறிவித்தன. பார்க்லேஸ் 35. அதுவரை 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கட்டிவந்தவர்களும் ஒரே நாளில் இருமடங்கு கட்ட வேண்டியதாயிற்று.

39.9 சதவீதம் என்றால் கையில் எவ்வளவு? ஆயிரம் பவுண்டு மைனஸுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 92 பென்ஸ், முப்பது நாளைக்கு 28 பவுண்டு. இதே ஆயிரத்தை 4 சதவீதக் கட்டணத்தில் கார்டுக்கு மாற்றினால் செலவு 40 பவுண்டு. அந்த 40 பவுண்டை ஓவர் டிராஃப்ட் வட்டி 44 நாளில் தின்றுவிடும். அதற்கு மேல் கடன் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் கார்டுக்கு மாற்றியவருக்கு லாபம். மாதம் 87 பவுண்டு வீதம் கார்டில் கட்டினால் 1,040 பவுண்டும் 12 மாதத்தில் முடிந்துவிடும். அதே 87 பவுண்டை ஓவர் டிராஃப்டுக்குக் கட்டினால் 14 மாதத்துக்கு மேல் இழுக்கும், வட்டி மட்டும் ஏறத்தாழ 225 பவுண்டு. மிச்சம் சுமார் 185 பவுண்டு. ஒரு குடும்பத்தின் இரண்டு வார மளிகைச் செலவையாவது இது ஈடுகட்டும்.

விளம்பரத்தைப் பார்க்கிறவர்கள் பலர் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது.

கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் இரண்டு எண்களைக் குறியுங்கள்: சம்பளம் விழுந்து, வாடகை போன பிறகு இருக்கும் இருப்பு, அடுத்த சம்பளத்துக்கு முந்தைய நாள் இருப்பு. சம்பளத்துக்குப் பின் மைனஸ் 350, அடுத்த சம்பளத்துக்கு முன் மைனஸ் 1,150 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பழைய கடன் அந்த 350தான். மீதி 800 மாதச் செலவு, அது சம்பளத்தால் அடைபட்டு மறுபடி இறங்குகிறது. வரவும் செலவும் சமமாக ஓடும் வீடு இது. இப்போது கார்டிலிருந்து ஆயிரம் பவுண்டு வருகிறது. சம்பளத்துக்குப் பின் பிளஸ் 650, முன்னால் மைனஸ் 150 என்று கணக்கு மேலேறுகிறது. நன்றாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் கார்டுக்கு 87 பவுண்டு போகிறதே, அது எங்கிருந்து? செலவு குறையாவிட்டால் ஒவ்வொரு மாதமும் கணக்கு 87 பவுண்டு கீழே இறங்கும். பன்னிரண்டாம் மாதம் கார்டு கடன் தீர்ந்திருக்கும், கணக்கு பழையபடி மைனஸில் நிற்கும். கடன் ஒரு சுற்றுப் போய்விட்டு வீட்டுக்கே வந்திருக்கும்.

இதைத் தவிர்க்க எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். இந்த வீட்டின் சராசரி மைனஸ் 750. மாத வட்டி ஏறத்தாழ 20 பவுண்டு. கார்டு அந்த 20 பவுண்டைத் திருப்பித் தருகிறது. மீதி 67 பவுண்டை மாதச் செலவிலிருந்து வெட்டியாக வேண்டும். அந்த 67 எந்தச் செலவிலிருந்து வரும் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் விண்ணப்பியுங்கள். முடியாவிட்டால், 500 மட்டும் மாற்றி மாதம் 43 அல்லது 44 பவுண்டு கட்டும் சின்னத் திட்டமே மேல். இந்த ஒரு சோதனையை ஒப்பீட்டுத் தளங்கள் எதுவும் செய்து தருவதில்லை. கார்டின் தரத்தைவிட இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

மாதத்தில் எட்டு நாள் மட்டும் 300 பவுண்டு இறங்குகிறவரின் வட்டி மாதத்துக்கு இரண்டேகால் பவுண்டுக்குள் அடங்கிவிடும். அவர் ஒரு புதுக் கார்டு, ஒரு கடன் பதிவு, ஒரு டைரக்ட் டெபிட் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு) என்று இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம் போகும் தேதிகளைச் சம்பளத்துக்கு மறுநாள்களுக்கு மாற்றிக் கேட்டாலே பாதி சரியாகும். கவுன்சிலும் மின் நிறுவனமும் பெரும்பாலும் தேதி மாற்ற ஒப்புக்கொள்வார்கள்.

இனி பொருளின் தரம். எம்பிஎன்ஏ, வர்ஜின் மணி, டெஸ்கோ பேங்க் ஆகியவை இந்த வகைக் கார்டுகளை வழங்கிவந்த பழகிய பெயர்கள். சலுகைகள் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் எண்களை விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்டுக்குக் கார்டு தேர்வு அதிகமில்லை. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டுகள் அளவுக்கு இங்கே போட்டி கிடையாது; வட்டியில்லாக் காலமும் அவற்றைவிடக் குறைவு. ஒன்றை மனத்தில் வையுங்கள்: பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பது ஒரு கார்டின் கடனை இன்னொரு கார்டுக்கு மாற்றுவது. அதை வைத்து ஓவர் டிராஃப்டை அடைக்க முடியாது. சில கார்டுகளில் இரண்டு வசதியும் இருக்கும், ஆனால் கட்டணமும் காலமும் வேறுவேறாக இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் எண்ணே.

இந்தப் பொருளின் பெரிய குறை, கார்டு கிடைக்கும்வரை வரம்பு எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாது. 1,500 தேவை என்று விண்ணப்பித்தவருக்கு 600 வரலாம். வரம்பு முழுவதையும் மாற்றவும் விடமாட்டார்கள். கட்டணத்தையும் சேர்த்து வரம்பில் 95 சதவீதம் அளவுக்குத்தான் பொதுவாக அனுமதி. 1,200 வரம்பு என்றால் 1,140 வரை. 4 சதவீதக் கட்டணம் போக உங்கள் கணக்குக்கு வருவது 1,096. அடுத்த குறை, விளம்பரத்தில் இருக்கும் ஏபிஆர் என்ற ஆண்டு வட்டி விகிதத்தை ஒப்புதல் பெறுகிறவர்களில் 51 சதவீதத்தினருக்குக் கொடுத்தால் போதும். மற்றவர்களுக்கு வட்டி கூடலாம். சில நிறுவனங்கள் வட்டியில்லாக் காலத்தையும் குறைத்துவிடும்.

அதனால் முதலில், கார்டு கிடைக்குமா என்று இணையத்தில் சொல்லும் தகுதிச் சோதனைக் கருவியில் பாருங்கள். அது உங்கள் கடன் வரலாற்றில் மற்றவர்கள் பார்க்கும் தடயத்தை விடாது. முழு விண்ணப்பம் தடயம் விடும். அடுத்தடுத்து நான்கு இடத்தில் கேட்டு மறுக்கப்பட்டால் ஐந்தாவது இடத்திலும் கதவு மூடும். நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: பிரிட்டனில் தங்க அனுமதியோடு வாழும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. முகவரியை உறுதிசெய்ய நிறுவனங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். பல ஆண்டுகள் லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருந்தும் இதைச் செய்யாதவர்கள் ஏராளம். விண்ணப்பிக்கும் முன் அதை முடித்துவிடுங்கள், இலவசம்.

ஓவர் டிராஃப்ட் இருக்கும் வங்கியிடமே கார்டு வாங்காதீர்கள். ஒரே வங்கியில் கணக்கும் கடனும் இருந்தால், கடன் பாக்கி விழும்போது கணக்கிலிருக்கும் பணத்தை அந்த வங்கி எடுத்து ஈடுகட்டிக்கொள்ளலாம். பெயர் வேறாக இருந்தாலும் உரிமையாளர் ஒருவராக இருக்கக்கூடும்: எம்பிஎன்ஏ 2017 முதல் லாயிட்ஸ் குழுமத்துடையது, வர்ஜின் மணியை 2024இல் நேஷன்வைடு வாங்கியது, டெஸ்கோவின் வங்கித் தொழில் அதே ஆண்டு பார்க்லேஸிடம் போனது. 40 சதவீதத்தில் கடன் கொடுக்கும் குழுமமே 0 சதவீதத்திலும் கொடுக்கிறது. கேட்டு வருகிறவருக்கு மட்டும்.

கார்டு வந்தபின் செய்யும் வேலை அரை மணி நேரம். ஆப்பிலோ போனிலோ மணி டிரான்ஸ்ஃபர் என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஆறு இலக்க சார்ட் கோடும் எட்டு இலக்கக் கணக்கு எண்ணும் வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் உள்ள கரண்ட் அக்கவுண்டாக இருக்க வேண்டும். போனில் பேசும்போது கட்டணம் எவ்வளவு, 0 சதவீதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று இரண்டையும் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். சலுகைக்கான கெடு பெரும்பாலும் கணக்குத் திறந்ததிலிருந்து 60 அல்லது 90 நாள். வட்டியில்லா மாதங்களும் பல கார்டுகளில் கணக்குத் திறந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு மாதம் தாமதித்தால் இரண்டு மாதம் போனதுதான்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுத்து ஓவர் டிராஃப்டில் போடுவது இதுவல்ல. அதற்குத் தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி, கடன் வரலாற்றில் ரொக்கம் எடுத்த பதிவு என மூன்றும் உண்டு. வெளிநாட்டுப் பணம் வாங்குவது, இ-வாலட்டில் ஏற்றுவது போன்ற குறுக்கு வழிகளையும் பல நிறுவனங்கள் ரொக்கமாகவே கணக்கில் எடுக்கும்.

பணம் வரும் நாளைச் சம்பளத்துக்கு மறுநாளாக அமைத்துக்கொள்வது நல்லது. காரணம், ஓவர் டிராஃப்ட் வரம்பை அப்போதைய மைனஸுக்குக் கீழே குறைக்க முடியாது. மாதத்திலேயே இருப்பு மிக உயரமாக இருக்கும் அன்றுதான் வரம்பை அதிகபட்சம் வெட்டலாம். முழுவதையும் ஒரே வீச்சில் நீக்கிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். வரம்பு சுத்தமாக இல்லாத கணக்கில் ஒரு டைரக்ட் டெபிட் திரும்பினால் அந்த நிறுவனம் தாமதக் கட்டணம் போடும், சில வங்கிகளும் ஏதாவது பிடிக்கும். 1,200 இருந்த வரம்பை 200க்கு இறக்கி, அதன்பின் மாதம் 50ஆகக் கழித்துக்கொண்டு போவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆப்பிலேயே ஒரு நிமிடத்தில் செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் வங்கி புதிதாகச் சோதித்துத்தான் கொடுக்கும். அந்தத் தடை இருப்பது உங்களுக்கு நல்லதே.

டைரக்ட் டெபிட்டை அன்றே போடுங்கள். சில கார்டுகள் தாமாகக் காட்டுவது குறைந்தபட்சத் தொகைதான். 1,040 பவுண்டுக்கு மாதம் 25 பவுண்டு மட்டும் கட்டினால் ஓராண்டு முடிவில் 740 மிச்சம் இருக்கும். பின்னர் 24.9 சதவீதம் தொடங்கினால் மாதம் ஏறத்தாழ 14 பவுண்டு வட்டி. கட்டும் 25இல் 11 மட்டுமே அசலில் கழியும். ஆகவே மொத்தத்தை மாதங்களால் வகுத்து வரும் நிலையான தொகையைப் போடுங்கள், அதுவும் ஒரு மாதம் குறைத்து வகுத்தால் கடைசியில் அவசரம் இருக்காது. தேதி, சம்பளத்துக்கு மறுநாள். ஒரு தவணை தவறினால் பொதுவாக 12 பவுண்டு தண்டம். அதைவிடப் பெரிய ஆபத்து, 0 சதவீதச் சலுகையையே நிறுவனம் ரத்து செய்ய முடியும்.

இந்தக் கார்டில் பொருள் வாங்காதீர்கள். 0 சதவீதம் மாற்றிய தொகைக்கு மட்டுமாக இருக்கலாம். கடையில் தேய்த்ததற்கு வழக்கமான வட்டி. மாதக் கணக்கை முழுதும் கட்டினால்தான் வாங்கியவற்றுக்கு வட்டியில்லா நாள்கள் கிடைக்கும். மாற்றிய கடன் உள்ளே கிடப்பதால் முழுதும் கட்ட முடியாது. 2011 முதல், நீங்கள் கட்டும் பணம் அதிக வட்டி உள்ள பாக்கிக்கே முதலில் போக வேண்டும் என்பது விதி. அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அதன் விளைவாக ஓவர் டிராஃப்டுக்காக வாங்கிய கடன் அசையாமல் நிற்கும். போனில் உள்ள ஆப்பிள் பே, கூகிள் பேயிலிருந்தும் கார்டை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் சொன்னபின், எனக்கு இதைவிடப் பிடித்த மாற்று ஒன்று: பொருள் வாங்க 0 சதவீதம் தரும் சாதாரண பர்ச்சேஸ் கார்டு. மாற்றுக் கட்டணமே இல்லை. மளிகை, பெட்ரோல், மின்சாரம் என மாதம் எப்படியும் செலவாகும் 350 பவுண்டை அந்தக் கார்டில் போடுங்கள். அந்த அளவு சம்பளப் பணம் கணக்கிலேயே தங்கி மைனஸை அடைக்கும். மூன்று மாதத்தில் 1,050 பவுண்டு இடம் மாறிவிடும். கார்டில் கட்டுவதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பது 2018 ஜனவரி 13 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், கார்டை ஏற்கும் கவுன்சிலுக்கு வரியையும் இப்படிக் கட்டலாம். வட்டியில்லாக் காலமும் பெரும்பாலும் நீளம். மாற்ற நினைத்த தொகை வந்ததும் கார்டை நிறுத்திவிட வேண்டும், அந்த மூன்று மாதமும் வரம்பை 350 வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எண் பார்த்து நடக்கும் வீட்டுக்கு இதுவே முதல் தேர்வு. மாதத்தின் பெரும் செலவு வாடகையாகவே இருந்து, அதைக் கார்டில் கட்ட வழியில்லாதவருக்கு மணி டிரான்ஸ்ஃபர் கார்டு பொருந்தும்.

சேமிப்பில் பணம் வைத்துக்கொண்டு ஓவர் டிராஃப்ட் வட்டி கட்டுகிறவர்களுக்கு எந்தக் கார்டும் வேண்டாம். 40 சதவீதம் தரும் சேமிப்பு உலகத்தில் இல்லை, முதலில் அதை எடுத்து அடையுங்கள். சீட்டுக்குப் பணம் கட்டுவதற்காக மாதாமாதம் மைனஸில் இறங்குகிறவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சீட்டை எடுக்கும் முறை வந்தால், கழிவு போனாலும் எடுத்து ஓவர் டிராஃப்டை அடைப்பது பல நேரம் மலிவு.

எல்லாக் கார்டும் மறுத்துவிட்டால் முதலில் உங்கள் வங்கியிடமே பேசுங்கள். மீண்டும் மீண்டும் ஓவர் டிராஃப்டில் கிடக்கும் வாடிக்கையாளரைக் கண்டறிந்து உதவ வேண்டும் என்பது எஃப்சிஏ வங்கிகளுக்கு விதித்த கடமை. வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, வட்டியைக் குறைத்தோ நிறுத்தியோ தவணையாகக் கட்டும் திட்டம் கேட்கலாம். அது கடன் வரலாற்றில் எப்படிப் பதிவாகும் என்றும் அதே பேச்சில் கேளுங்கள். உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கடன் சங்கமான உள்ளூர்க் கிரெடிட் யூனியன் மாதம் 1 சதவீதத்துக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 12.7 சதவீதம்தான், ஓவர் டிராஃப்டில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் சட்டம் மாதம் 3 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அது ஆண்டுக்கு 42.6, ஓவர் டிராஃப்டைவிட மோசம். விகிதத்தைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

வாடகையும் சாப்பாடும் போக எதுவுமே மிஞ்சவில்லை என்ற நிலை என்றால் புதுக் கடன் எதுவும் வாங்காதீர்கள். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் பணம் வாங்காமல் உதவுகின்றன. 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கும் பிரீதிங் ஸ்பேஸ் திட்டத்தில் சேர்ந்தால், தகுதியுள்ள கடன்களுக்கு 60 நாள் வரை பெரும்பாலான வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். ஓவர் டிராஃப்டும் அதில் அடங்கும். நேரே விண்ணப்பிக்க முடியாது. கடன் ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஆலோசகரிடம் போகும்போது மூன்று மாத ஸ்டேட்மென்டும் சம்பளச் சீட்டும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.